நூறு கேள்விக்கு ஒரு நினைவு

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் செல்லும் சாலையில், கோட்டாறு கடந்ததும் வருவது இடலாக்குடி. அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரசு எழுப்பிய மணிமண்டபமும் அவ்வூரிலேயே இருக்கிறது. 2008-இல் அஞ்சல் துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. இத்தனைக்கும் பிறகு, அவரைப் பற்றி எங்கள் மாவட்டத்து மாணவர் ஒருவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்ட நூறு கேள்விகளுக்கும் மறவாமல் விடை சொன்னவர், தெய்வ அருள் பெற்றவர், நம்மால் ஆகாது.

அந்த விடையின் கடைசிப் பகுதிதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நாஞ்சில் நாட்டுக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். தமக்கு ஞாபகசக்தி கிடையாது என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இங்கேயே இப்படி ஒரு நம்பிக்கை வேரூன்றியிருப்பது வியப்புக்குரியது. பாவலரின் வாழ்க்கையைச் சரியாகப் படித்தால் அந்த நம்பிக்கை தளரும் என்பது என் எண்ணம்.

செய்குத்தம்பி 1874 ஜூலை 31 அன்று இடலாக்குடியில் பிறந்தார். தந்தை பக்கீர் மீரான், தாய் ஆமினா. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்பதுதான் அன்றைய நிலை. அவருக்கு இரண்டு ஆண்டு இளையவரான தேரூர் தேசிக விநாயகம் பிள்ளையும் இதே சூழலில் மலையாளம் படித்தவர்தாம். பின்னாளில் தமிழுக்குப் பெருமை சேர்த்த இவ்விருவருக்கும் தமிழ்ப் புலமை பள்ளிக்கூடத்தின் கொடையாக வரவில்லை. தனியே தேடிச் சென்று பெற்றார்கள். செய்குத்தம்பிக்குத் தமிழ் கற்பித்தவர் சங்கரநாராயண அண்ணாவி. இசுலாமிய இளைஞர் ஒருவர், சைவ மரபில் வந்த ஆசிரியர் ஒருவரிடம் அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் பயின்றார் என்பதை நாஞ்சில் நாட்டில் அன்று யாரும் செய்தியாகக் கருதியிருக்க மாட்டார்கள். இன்று அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காலத்துத் தமிழ்க் கல்வியின் முறையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அச்சிட்ட நூல் அரிது. ஏடு அதனினும் அரிது. நூலை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டும் வசதி எவருக்கும் இல்லை. ஆசிரியர் சொன்னதை மாணவன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, மறுநாள் அதை ஒப்பித்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போக முடியும். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின் முன்னிலையில் நாள்தோறும் முறை சொல்லுதல் நடந்தது. எண்சுவடியின் வாய்பாடுகளும் ஆத்திசூடியும் நிகண்டும் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஆசிரியர் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலையில் அதைக் கேட்பதும் வழக்கம் என்பதை உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு வழியாக அறிகிறோம். ஒரே ஒரு சொல்தான். இரவு முழுதும் அது பிள்ளையின் மனத்தில் தங்கியிருந்து, காலையில் எவர் உதவியும் இன்றி வெளியே வர வேண்டும். இதைப் பழைய காலத்து விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது. இதன் பொருள் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ் யாப்பும் நினைவுக்கு உதவுவதற்காகவே வார்க்கப்பட்ட பாத்திரம் போன்றது. எதுகை அடுத்த அடியின் முதற்சொல்லை நினைவூட்டும். மோனை அடுத்த சீரை நினைவூட்டும். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். எனவே ஒரு பாட்டைச் சொல்லி முடித்தவனுக்கு அடுத்த பாட்டின் வாசல் தானே திறந்துகொள்ளும். செய்குத்தம்பி இயற்றிய நூல்களைப் பாருங்கள்: திருக்கோட்டாற்றுப் பதிற்றுப்பத்தந்தாதி, திருநாகூர்த் திரிபந்தாதி, நாகைக் கோவை, அழகப்பக் கோவை. பத்துப் பத்தாக நூறு பாடல்கள் சங்கிலியாகத் தொடுக்கப்படுவது பதிற்றுப்பத்தந்தாதி. முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்துள்ள எழுத்துகள் எல்லா அடிகளிலும் ஒன்றி வர வேண்டுவது திரிபு. கோவையோ அகத்துறைகளை வரிசை பிசகாமல் அடுக்குவது. இளமையிலேயே இத்தகைய வடிவங்களில் பழகிய ஒருவரின் மனத்தில் சொற்கள் குவியலாகக் கிடப்பதில்லை. அவை அலமாரித் தட்டுகளில் அடுக்கிய நூல்களைப் போல இருக்கும். வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுக்கலாம். இலக்கிய விமரிசகர்கள் சிலர் இந்த வடிவங்களை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவார்கள். கவிதை என்ற அளவில் அவர்களோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. பயிற்சி என்ற அளவில் அவற்றுக்கு ஈடு இணை இல்லை என்றே சொல்வேன்.

பிறகு சென்னை. இட்டா பார்த்தசாரதி நாயுடுவின் ஸ்ரீபத்மவிலாசப் பதிப்பகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டு, அந்நூலுக்கு உரையும் கண்டார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட காப்பியம் அது. பதிப்பாசிரியர் ஒரு நூலை எத்தனை முறை கடந்து செல்கிறார் என்பது அத்தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும். படி எடுக்கும்போது ஒரு முறை, பாடம் ஒப்பிடும்போது ஒரு முறை, அச்சுப்படி திருத்தும்போது மீண்டும், உரை எழுதும்போது மீண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் நாள்களும் வாரங்களும் ஓடியிருக்கும். ஒரு வைணவர் நடத்திய பதிப்பகம், ஓர் இசுலாமியக் காப்பியம், சைவ ஆசிரியரிடம் கற்ற ஒரு முசுலிம் உரையாசிரியர். அன்றைய சென்னை அச்சுலகம் அப்படி இருந்தது.

சென்னையில் அப்போது வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை இரண்டாம் முறையாகக் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆறுமுக நாவலர் காலத்தில் தொடங்கிய அப்பூசலை இம்முறை முன்னின்று நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற் பிள்ளை. திரு.வி.க.வின் ஆசிரியரான அவர் கல்வியிலும் வாதத்திலும் இணையற்றவர். அவரும் சதாவதானி என்று போற்றப்பட்டவர்தாம். அவருக்கு எதிரே அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறியவர்களுள் செய்குத்தம்பி முக்கியமானவர். சைவர்களுக்குள் நடந்த ஒரு வழக்கில், சைவ நூல்களிலிருந்தே சான்றுகளை அடுக்கி ஓர் இசுலாமியப் புலவர் வாதாடினார். வள்ளலார் அன்பர்கள் அவரைக் கொண்டாடினார்கள். மேடை வாதத்தில் கையில் நூலை வைத்துக்கொண்டு பக்கம் புரட்ட முடியாது. எதிர்த்தரப்பு ஒரு பாடலைச் சொன்னால், அதே மூச்சில் மறுக்கும் பாடல் நாவில் நிற்க வேண்டும். நினைவு அங்கே அலங்காரமாக இருக்கவில்லை, ஆயுதமாக இருந்தது.

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அன்று அறிஞர் அவை அளித்த சதாவதானி என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவதானம் என்ற வடசொல்லுக்குக் கவனம் என்று பொருள். தமிழில் கவனகம் என்றும் சொல்கிறோம். எட்டு வகையில் கவனம் செலுத்துவது அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், பதினாறு என்றால் சோடசாவதானம், நூறு என்றால் சதாவதானம். அவதானியைச் சூழ்ந்து பலர் அமர்வார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கட்டளைக் கலித்துறைக்குப் பொருள் கொடுப்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருவர் பெரிய எண்ணைப் பெருக்கச் சொல்வார். ஒருவர் ஆண்டும் மாதமும் தேதியும் சொல்லிக் கிழமை கேட்பார். நடுநடுவே மணி ஒலிக்கும். முதுகில் சிறு கற்களோ மலர்களோ வந்து விழும். இறுதியில் மொத்தம் எத்தனை என்று சொல்லியாக வேண்டும். இடையில் பொருந்தாப் பேச்சுப் பேசிக் கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஒருவர் இருப்பதும் உண்டு.

கிழமை காண்பது மந்திரம் அல்ல. சாதாரண ஆண்டில் ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு நாளும் இருப்பதால், ஒரு தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை முன்னேறும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை முன்னேறும். மாதங்களுக்குரிய மிச்ச நாள்களை மனப்பாடம் செய்துவிட்டால் மற்றதெல்லாம் ஏழால் வகுத்து மீதி காண்பதுதான். விக்டோரியா மண்டப நிகழ்ச்சி நடந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. விரும்புகிறவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவதானத்தின் நூறு பணிகளுள் ஒவ்வொன்றும் தனியே எடுத்தால் கற்கக்கூடியது. அரிதானது என்னவென்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, மீண்டும் பழையதற்கே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

அங்கேதான் அவதானத்தின் உள்ளமைப்பு விளங்குகிறது. தெலுங்கு நாட்டில் இக்கலை இன்றும் செழிப்பாக இருக்கிறது. அங்கே கேள்வி கேட்போர் ஒவ்வொருவருக்கும் அவதானி முதல் சுற்றில் ஒரு பாடலின் முதலடியை மட்டும் சொல்வார். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு இரண்டாம் சுற்று. முதலாமவரிடம் திரும்பி வந்து இரண்டாம் அடி. இப்படி நான்கு சுற்றுகள். கடைசியில் எல்லாப் பாடல்களையும் முழுமையாக ஒப்பிக்க வேண்டும். அதற்குத் தாரணை என்று பெயர். ஒரு பாடலைச் சிறிது நேரம் விட்டு, நடுவே வேறு பலவற்றில் மனத்தைச் செலுத்தி, ஏறக்குறைய மறக்கும் நேரத்தில் மீண்டும் இழுத்துப் பிடிப்பதையே இந்தச் சுற்றுமுறை செய்கிறது. கேட்போருக்கு இது சோதனையாகத் தெரியும். அவதானிக்கோ இதுவே துணை. ஒவ்வொரு சுற்றிலும் பழையதை நினைவுக்குக் கொண்டுவரும் முயற்சியே அதை இன்னும் ஆழமாகப் பதித்துவிடுகிறது.

இந்த உண்மையை ஐரோப்பாவில் சோதனை செய்து எழுதியவர் எர்மன் எபிங்காசு என்ற செருமானியர். அவர் நினைவைப் பற்றிய நூலை வெளியிட்ட 1885-இல் செய்குத்தம்பி பதினோரு வயதுச் சிறுவர். எபிங்காசு பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, தம்மையே சோதனைப் பொருளாக்கி, மனப்பாடம் செய்தும் மறந்தும் கணக்கு வைத்தார். பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை சொல்லியே பெற முடிந்தது என்று அவர் கண்டார். ஏறக்குறையப் பாதி உழைப்பு, அதே பலன்.

பொருளாதாரம் படித்தவனுக்கு இதில் புதுமை இல்லை. குறைந்து செல் விளைவு விதியை நான் வகுப்பில் விளக்கும்போது நாஞ்சில் வயலைத்தான் எடுத்துக்காட்டுவேன். ஒரு மூட்டை உரத்தையும் ஒரே நாளில் கொட்டினால் பயிர் அதை ஏற்காது. பெரும்பகுதி நீரோடு போகும். நட்டபின் ஒரு தவணை, தூர் கட்டும்போது ஒரு தவணை, கதிர் கருக்கொள்ளும்போது ஒரு தவணை என்று பிரித்து இட்டால் அதே உரம் இரட்டிப்புப் பயன் தரும். படிப்பும் அப்படித்தான். தேர்வுக்கு முதல் நாள் இரவில் பதினோராம் முறை வாசிக்கும் மாணவன் உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. உழைப்பை வீணான இடத்தில் கொட்டுகிறான் என்பதே உண்மை.

அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவையானது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு வேளை வாசித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, மூன்று வேளை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் 61 விழுக்காடும், வாசித்தவர்கள் 40 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். இரவு முழுதும் வாசித்துவிட்டு எல்லாம் தெரியும் என்ற நிறைவோடு தூங்கப் போகும் பிள்ளை ஏமாறுவது எங்கே என்பது இதில் தெரிகிறது. ஐந்தாவது நிமிடத்தின் தெளிவை ஏழாவது நாளின் அறிவாக எண்ணிவிடுகிறான். திண்ணைப் பள்ளி ஆசிரியர் மாலையில் சொல்லி அனுப்பிய அந்த ஒற்றைப் பூவின் பெயரை இப்போது நினைத்துப் பாருங்கள். ஓர் இரவு இடைவெளி, பிறகு நூலின் துணையின்றி ஒப்பித்தல். ஆய்வாளர்கள் கண்ட இரண்டு உண்மைகளும் அந்தச் சிறு வழக்கத்துக்குள் இருக்கின்றன.

இதையே கைக்கருவியாக மாற்றியவர் செபாசுடியன் லைட்னர். 1972-இல் வெளிவந்த அவரது செருமானிய நூலில் ஓர் அட்டைப் பெட்டி விவரிக்கப்படுகிறது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. பெட்டியில் ஐந்து அறைகள். புதிய அட்டை முதல் அறையில் தொடங்கும். விடை சரியானால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எங்கிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும். முதல் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். பின் அறைகளைப் போகப் போக நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். தெரிந்ததற்குக் குறைவாகவும் தெரியாததற்கு மிகுதியாகவும் நேரத்தைப் பங்கிடும் ஏற்பாடு இது. 1980களில் போலந்து நாட்டு வோசுனியாக் இந்த இடைவெளிகளைக் கணினி கணக்கிடுமாறு செய்தார். இன்று மாணவர்களின் கைப்பேசியில் இருக்கும் ஆங்கி என்ற செயலி அவ்வழியில் வந்தது. மனப்பாடம் என்பதற்கான சப்பானியச் சொல்லே அதன் பெயர்.

செயலி வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் என் மாணவியாக இருந்தாள். புள்ளியியல் தாளில் மட்டும் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள். தனக்கு மூளை இல்லை என்று என்னிடமே சொன்னாள். கல்யாணப் பத்திரிகைகளை நான்காகக் கத்தரித்து, வெற்றுப் பக்கத்தில் ஒரு சூத்திரத்தின் பெயரும், அச்சிட்ட பக்கத்தில் ஒட்டிய தாளில் சூத்திரமும் அது எப்போது பயன்படும் என்பதும் எழுதச் சொன்னேன். ஐந்து அறைகளுக்குப் பதிலாக ஐந்து சாக்பீஸ் பெட்டிகள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் அவளுக்கு நாள்தோறும் அரை மணிக்குக் குறையாமல் இருந்தது. அதுவே படிப்பு நேரமாயிற்று. இரண்டு பருவங்களில் நிலுவைத் தாள்களை முடித்தாள். முதல் மதிப்பெண் எல்லாம் வாங்கவில்லை. தனக்கு மூளை இல்லை என்று மறுபடி சொல்லவும் இல்லை.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் கல்வியாளர்கள் நம்மிடையே பலர். புரிதல்தான் வேண்டும், நினைவு வேண்டாம் என்பார்கள். பொருள் தெரியாமல் ஒப்பிப்பதை நானும் வெறுக்கிறேன். ஆனால் நினைவில் எதுவும் இல்லாத மனம் எதை வைத்துப் புரிந்துகொள்ளும்? பாவலரைப் பற்றி இன்றும் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல விடை. அவையில் ஒருவர், முசுலிமைக் குறிக்கும் துருக்கன் என்ற சொல்லையும் இராமனின் துணையையும் ஒன்றாக முடிச்சிட்ட ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னார். குறும்பு நோக்கம் வெளிப்படை. பாவலர் இராமனின் தம்பியரை முறையாக வரிசைப்படுத்தி, மூன்றாம் அடியின் முடிவில் ஓர் அசையை மட்டும் நிறுத்தினார். அந்த அசை ஈற்றடியின் முதற்சொல்லோடு சேர்ந்ததும், துருக்கன் மறைந்து சத்துருக்கன் வந்து நின்றான். இராமகாதையின் பாத்திரங்களும் வெண்பாவின் தளையும் சந்தி இலக்கணமும் ஒரே நொடியில் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாதிருந்தால் அந்தச் சமயோசிதம் பிறந்திருக்காது. நினைவு அங்கே புரிதலுக்குப் பகையாக இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீண்டியவர் வெட்கும்படியும், அவையில் எவரும் புண்படாதபடியும் அவர் அதை முடித்தார். அதை எந்த அட்டையும் கற்றுத்தராது.

அவதானம் வாழ்க்கையின் முடிவான இலக்கு அல்ல என்பதை அக்கலையில் சிறந்தவர்களே உணர்ந்திருந்தார்கள். குசராத்தில் பிறந்த சமண ஞானி இராய்ச்சந்த் பாய் இருபது வயது நிரம்பும் முன்பே பம்பாயில் சதாவதானம் செய்து புகழ்பெற்றவர். இங்கிலாந்திலிருந்து 1891-இல் திரும்பிய காந்தி, தாம் அறிந்த பல மொழிச் சொற்களை எல்லாம் சொல்லி அவரைச் சோதித்தார். இராய்ச்சந்த் பாய் அதே வரிசையில் அவற்றைத் திருப்பிச் சொன்னார். காந்தி வியந்தார். எனினும் தம்மை ஈர்த்தது அந்த ஆற்றல் அல்ல, அவருடைய சாத்திர அறிவும் மாசற்ற ஒழுக்கமும் மெய்யறியும் வேட்கையுமே என்று தன்வரலாற்றில் பதிவுசெய்தார். இராய்ச்சந்த் பாய் பிற்காலத்தில் அவதானக் காட்சிகளைக் கைவிட்டார்.

செய்குத்தம்பிப் பாவலரும் அந்தப் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. நபிகள் நாயக மான்மிய மஞ்சரி போன்ற நூல்களை இயற்றினார். சொற்பொழிவாளராக ஊர் ஊராகச் சென்றார். காந்தியின் இயக்கம் தெற்கே பரவியபோது கதர் அணிந்து விடுதலை மேடைகளில் பேசினார். இசுலாமிய மேடையில் சீறாவையும் தமிழ் அவைகளில் கம்பனையும் வள்ளலாரையும் ஒரே நாவால் விளக்கிய அவரைக் கேட்கக் கூடியவர்கள் எல்லாச் சமயத்தாரும்தாம். நினைவில் இருப்பவை எந்தச் சமயத்து நூல்கள் என்று பார்த்து அவர் வாசலை மூடியதில்லை.

1950 பிப்ரவரி 13 அன்று அவர் மறைந்தார். இந்தியா குடியரசாகிப் பதினெட்டு நாள்களே ஆகியிருந்தன. அவர் பிறந்த மண் தமிழ்நாட்டோடு இணைய இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. தமிழைப் பள்ளியில் கற்க முடியாத ஊரில் பிறந்தவர் அந்த 1956 நவம்பர் 1-ஐக் காணவில்லை. அவர் மறைந்த அதே பிப்ரவரியில், தெலுங்கில் திருப்பதி வேங்கட கவிகள் என்று புகழ்பெற்ற அவதான இரட்டையருள் எஞ்சியிருந்த செள்ளபிள்ள வேங்கட சாத்திரியும் காலமானார்.